ஈடு மீட்ட காலம்

2010ஆம் ஆண்டு புதிய பாலம் திறக்கும்வரை ஓட்டமாவடிப் பாலத்தில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே வழிதான். ரயில் வரும் நேரத்தில் அக்கரையில் நின்றவர் அக்கரையிலும் இக்கரையில் நின்றவர் இக்கரையிலும் காத்திருக்க வேண்டும். வாப்பா அந்த நேரத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்துப் பார்ப்பார். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எழுதிய கொப்பி அது. பெரும்போக வெட்டு முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வந்ததும் ஒவ்வொரு பெயராக வெட்டுவார். எல்லாப் பெயரும் வெட்டுப்பட்ட வருசம் ஒன்றிரண்டுதான் இருந்திருக்கும். அந்த வருசங்களில் அவர் பள்ளிவாசலிலிருந்து வீடு வரும் நடையே வேறு.

எனக்குக் கொப்பி இருக்கவில்லை, வங்கிக் கணக்கு இருந்தது. 2016இல் மூத்த மகளுக்கு வீடு கட்டப் பன்னிரண்டு இலட்சம் கடன் எடுத்தேன். எங்கள் பகுதியாருக்கு விளக்கத் தேவையில்லை, வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன்: இங்கே கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், அந்த வீட்டைப் பெண்ணைப் பெற்றவர்கள் கட்டிக் கொடுக்க வேண்டும். இந்த வழக்கம் எத்தனை வாப்பாமாரையும் உம்மாமாரையும் சவூதிக்கும் குவைத்துக்கும் உழைக்க அனுப்பியது என்று ஒவ்வொரு தெருவும் சொல்லும். பிழையான வழக்கம் என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைத்துக்கொண்டே நானும் கட்டினேன்.

ஈடாக வைத்தது நாங்கள் இருக்கிற வளவின் உறுதி. அது என் மனைவியின் பெயரில் இருந்தது, அவளுடைய உம்மா அவளுக்குக் கொடுத்தது. வட்டி ஹராம் என்று தெரிந்த இரண்டு பேர் வங்கி மேசையில் பக்கம் பக்கமாகக் கையொப்பம் வைத்தோம். அன்றைக்கு வீடு வரும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை.

பத்து வருசம், மாதம் ஏறக்குறைய 18,000 ரூபாய். நான் ஆசிரியன் என்பதால் சம்பளம் கணக்கில் விழுந்த உடனே தவணையை வங்கி எடுத்துக்கொள்ளும். நான்கு வருசம் அப்படியே போனது. 2020 மார்ச்சில் கணக்கு விபரம் எடுத்துப் பார்த்தால், கட்டியது எட்டரை இலட்சத்துக்கு மேல், முதல் தொகையில் குறைந்தது மூன்று இலட்சம்தான். இன்னும் ஒன்பது இலட்சம் நிற்கிறது. இது மோசடி இல்லை, எல்லா நீண்டகாலக் கடனும் இப்படித்தான் வேலை செய்யும். ஆரம்ப வருசங்களில் தவணையில் பெரும்பங்கு வட்டிக்கே போய்விடும். முதல் குறையக் குறையத்தான் வட்டியும் இறங்கும். கையெழுத்து வைக்கிற அன்று இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதே மார்ச் 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு வந்தது.

அதுவரை என் சம்பளம் எங்கே போனது என்பது ஊர் அடைபட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. கல்யாண வீட்டுக்குக் கொடுக்கிற காசு, மட்டக்களப்புக்குப் போய்வருகிற செலவு, பெற்றோல், பிள்ளைகளின் டியூஷன், பெருநாள் உடுப்பு. எல்லாம் நின்றது. களப்பில் பிடித்த இறால் கொழும்புக்குப் போக வழியில்லாமல் தெருவில் மலிவாக விலைப்பட்டது. நோன்பு ஏப்ரல் கடைசியில் தொடங்கியது. பள்ளிக் கஞ்சி இல்லை, தராவீஹ் வீட்டு முன்மண்டபத்தில். நான் முன்னுக்கு, மனைவியும் மக்களும் பின்னுக்கு. அந்த வருசத்தைப்போல் ஒரு நோன்பு எங்கள் வீட்டுக்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

எனக்குச் சம்பளம் நிற்கவில்லை. பக்கத்து வளவில் தோணிக்காரர், எதிர் வீட்டில் லீசிங்கில் முச்சக்கரவண்டி எடுத்தவர். இரண்டு பேருக்கும் அரசாங்கம் தந்த ஐயாயிரம்தான். என் சம்பளத்தில் மிஞ்சியதை எல்லாம் நான் வங்கிக்குக் கொண்டுபோகவில்லை. அந்தத் தெருவில் இருந்துகொண்டு அப்படிச் செய்ய முடியாது.

மத்திய வங்கி அறிவித்த கடன் தவணைச் சலுகை அந்த நாட்களில்தான் வந்தது. ஆறு மாதம் கட்டத் தேவையில்லை என்றதும் ஊரில் பலர் அதை மன்னிப்பாக விளங்கிக்கொண்டார்கள். தள்ளிப்போட்ட தவணை தள்ளித்தான் போகும், தொலையாது. அந்த மாதங்களுக்கும் வட்டி உண்டு. வருமானம் நின்றவருக்கு வேறு வழி இருக்கவில்லை. சம்பளம் வந்துகொண்டிருந்தவர்களும் கேட்டு வாங்கினார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

உம்றாவுக்காக நாங்கள் மூன்று இலட்சம் சேர்த்து வைத்திருந்தோம். 2020 பெப்ரவரி கடைசியில் சவூதி உம்றாவை நிறுத்தியது. அந்த வருச ஹஜ்ஜும் அந்த நாட்டுக்குள் இருந்த சிறு தொகையினருக்கு மட்டும்தான். ஒருநாள் சஹர் நேரத்தில் மனைவி சொன்னாள், “இஞ்ச பாருங்க, கடன வெச்சிக்கிட்டு அங்க போய் என்னத்தக் கேக்கிற? அந்தக் காச எடுத்து முதல்ல கட்டுங்க.” ஒகஸ்டில் உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் இரண்டாயிரம் டொலரைத் தாண்டியது. அவளுடைய இரண்டு பவுண் காப்பையும் அவளே கொண்டுவந்து தந்தாள். முதல் தொகையில் கழிக்கும்படி கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் கட்டினேன். இல்லாவிட்டால் எதிர்வரும் தவணைகளுக்கான முற்பணமாக அதை வைத்துவிடுவார்கள் என்று ஒரு நண்பர் எச்சரித்திருந்தார்.

அவசரம் ஏன் என்று மகன் கேட்டான். அதற்கான பதில் 2021 மார்ச் 5ஆம் திகதி வந்தது.

அதற்கு முந்திய ஏறக்குறைய பதினொரு மாதம் இந்த நாட்டில் கொரோனாவில் மௌத்தானவர்களை எரித்தார்கள். அடக்குவதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து இருபது நாளான குழந்தையையும் எரித்தார்கள். பொரளை மயானத்து வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். பெப்ரவரி கடைசியில் அடக்க அனுமதி கிடைத்தது. இடம் கொடுத்தது எங்கள் ஊர் ஓட்டமாவடி, அதன் மஜ்மா நகரில். அந்த மார்ச் 5ஆம் திகதிதான் அங்கே அடக்கம் தொடங்கியது. அடுத்த ஒரு வருசத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் கொண்டுவந்து அங்கே அடக்கினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் அந்த மண்ணில் இருக்கிறார்கள். குழி வெட்டி நின்ற பிரதேச சபை ஊழியர்களுக்கு இந்த நாடு நன்றிக்கடன் பட்டிருக்கிறது. எரித்ததற்கு அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகனோ சகோதரனோ எழுந்து, மௌத்தானவர் யாருக்காவது கடன் பட்டிருந்தால் என்னிடம் வாருங்கள், நான் பொறுப்பு என்று சொல்வார். வாப்பாவின் ஜனாஸாவில் நான் சொன்னேன், கையில் அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு. மஜ்மா நகருக்கு வந்தவர்களுக்கு ஊரும் இல்லை, சபையும் இல்லை. உறவுக்காரர் சிலர் தள்ளி நின்று பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேருடைய கடன் அவர்களோடு போனது? அந்த நினைப்பு என்னை இரவில் தூங்கவிடவில்லை. மகனுக்கு இதைத்தான் சொன்னேன்.

2021 நவம்பரில் கடைசித் தொகையைக் கட்டினேன். முன்கூட்டி முடிப்பதற்கும் ஒரு கட்டணம் கேட்டார்கள், கொடுத்தேன். பணம் கட்டியதோடு ஈடு நீங்காது. ஈட்டு விடுதலை உறுதி எழுதி, மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் பதிந்த பிறகுதான் வளவு நம்முடையது. அதைச் செய்யாமல் விட்டு, பிள்ளைகள் காலத்தில் அலைகிறவர்களை எனக்குத் தெரியும்.

ஐந்து மாதம் கழித்து, 2022 ஏப்ரலில், மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் ஏற்றியது. அடுத்த கிழமை நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த வருசக் கடைசியில் வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடனுக்கே வட்டி 25 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. என் ஒப்பந்தத்தில் வட்டி மாறக்கூடியது. கடன் அப்போதும் இருந்திருந்தால் தவணை என் சம்பளத்தை விழுங்கியிருக்கும். எதிர் வீட்டு முச்சக்கரவண்டியை லீசிங்காரர் கொண்டுபோனார்கள். அவர் சோம்பேறி இல்லை, அந்தச் சலுகை மாதங்களில் உழைக்க அவருக்கு ஒரு பயணியும் கிடைக்கவில்லை.

உறுதி இப்போது மனைவியின் அலுமாரியில் இருக்கிறது. காப்பு திரும்ப வரவில்லை, உம்றாவுக்கு மறுபடியும் சேர்க்கிறோம். வாப்பாவின் கொப்பியைப்போல நானும் ஒன்று வைத்திருக்கிறேன். அது எங்கே இருக்கிறது என்று மகனுக்குக் காட்டியிருக்கிறேன். இதை வாசிக்கிற நீங்களும், யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதை இன்றே எழுதி, வீட்டில் ஒருவருக்காவது காட்டி வையுங்கள்.