கிட்டத்தான் மாமா

மாத்தளையில் குடும்பத்தோடு பயணம் போகும் வேன் டீசலை மட்டும் நம்பிப் புறப்படுவதில்லை. முன் சீட்டில் ஒரு மாமா இருக்க வேண்டும். வயது அறுபதைத் தாண்டியிருக்கும், கழுத்தில் துவாய் தொங்கும், சட்டைப் பையில் சோற்றுப் பார்சல் கணக்கு எழுதிய துண்டு இருக்கும். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் கிட்டத்தான் மாமா. நீர்வீழ்ச்சிக்கு எவ்வளவு நடக்கணும் என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

"கிட்டத்தாம்மா. வேன விட்டு எறங்குனாலே தண்ணிச் சத்தம் கேக்கும்."

பொய்யில்லை, சத்தம் கேட்கும்தான். சத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் எத்தனை படி என்று யாரும் கேட்கவில்லையே!

மாமாவின் கெட்டிக்காரத்தனம் எதை முதலில் காட்டுவது என்பதில் இருக்கிறது. ரத்தோட்டைக்கு அப்பால் பம்பரகிரி எல்லதான் எப்போதும் முதல் நிறுத்தம். அது உண்மையிலேயே கிட்டத்தான். கொஞ்ச நடை, ஒரு தொங்கு பாலம், அப்புறம் அருவி. முழங்கால் வலிக்காரப் பெரியம்மாகூட ஆடுகிற பாலத்தில் "முருகா" என்று கத்திக்கொண்டே போய் நின்று படம் எடுத்துக்கொள்வார். "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒரு சான்றிதழும் கொடுத்துவிடுவார். மாமா அன்றைய மிச்சப் பொழுதை ஓட்டுவது இந்தச் சான்றிதழை வைத்துத்தான்.

பிறகு ரிவர்ஸ்டன் ஏற்றம். முடக்குக்கு முடக்கு யாராவது ஒருவர் தேசிக்காயை முகர்ந்துகொண்டிருப்பார். மேலே பனிமூட்டம், சேலையைப் பிடிப்பதா பிள்ளையைப் பிடிப்பதா என்று தெரியாத காற்று. மாமாவின் பிரசங்கம் அங்கேதான் தொடங்கும். நக்கிள்ஸ் மலையையும் சேர்த்து மத்திய மலைநாட்டை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது 2010இல். "எனக்கு அதுக்கு முப்பது வருசம் முந்தியே தெரியும்" என்பார். யுனெஸ்கோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"அட்டை இருக்குமா மாமா?"

"வெயில் நாள்ல எங்க அட்டை!"

இதைச் சொல்லும் மாமாவின் காற்சட்டை மேசுக்குள் சொருகப்பட்டிருக்கும். மேசிலிருந்து சவர்க்கார வாசம் வரும்.

இலுக்கும்புரவையும் தாண்டினால் சேர எல்ல. இங்கேதான் படிகள், எல்லாம் கீழ்நோக்கி. இறக்கத்தை மாமா நடையாகவே கணக்கெடுப்பதில்லை. ஏற்றமோ "வரும்போது பாத்துக்கலாம்" என்ற தலைப்பில் அடங்கிவிடும். அவர் வளைந்து கொடுக்காத இடம் ஒன்று உண்டு. இளவட்டங்களை வரிசையாக நிறுத்திச் சொல்வார்: "முழங்காலுக்கு மேல தண்ணியில எறங்கப்படாது. மேல மலையில மழ பேஞ்சா, இங்க வெயில் அடிக்கையிலயே தண்ணி ஏறிரும்." அப்போது மட்டும் குரலில் சிரிப்பிருக்காது. போத்தல் வைத்திருக்கும் பையை வேனுக்குள் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வார்.

கீழே போனவர்கள் வாயடைத்து நிற்பார்கள். பத்து மீற்றர் உயரம்தான், ஆனால் விழுகிற தண்ணீருக்குப் பின்னால் குகை. உள்ளே போய் நின்றால் திரை மாதிரி முன்னால் தண்ணீர், காதுக்குள் இரைச்சல். பெரியம்மா அங்கே மாமாவை வாயார வாழ்த்துவார். வாழ்த்து முதல் இருபது படி வரைக்கும் தாங்கும்.

அவர் மேலே வந்து சேரும்போது மாமா டிரைவரோடு முன்னூற்றுநாலு விளையாடிக்கொண்டிருப்பார், பக்கத்தில் பிளேன்டீ. சாமானைப் பார்க்க ஆள் வேண்டாமா? மாமா கடைசியாக அந்தப் படியில் இறங்கிய காலத்தில் அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது என்று டிரைவர் சொல்லக் கேள்வி.

"தண்ணி நல்லா விழுந்துச்சா அக்கா?"

பெரியம்மாவுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. என்னைக் கேட்டால் மாமாவை மன்னித்துவிடலாம். படிக் கணக்கை உள்ளபடி சொல்லும் மாமா வாய்த்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்கள் போயா தினத்தில் வீட்டிலிருந்து டிவி பார்க்கிறார்கள்.

இனிமேல் இந்த ஆளை நம்பி ஒரு படி இறங்கமாட்டேன் என்று பெரியம்மா ரத்தோட்டை வரைக்கும் சத்தியம் செய்தார். அடுத்த கிழமை உக்குவளையிலுள்ள சம்பந்தியம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் ஒருக்கா போயிட்டு வாங்க. படியா? அங்கங்க நாலஞ்சு இருக்கும்."