கடைசி டிராமில் வந்த மாமா

மயிலாப்பூரில் இவரைத் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை. நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை ஆறரை மணிக்குச் சும்மா நின்றாலே போதும், அவரே வந்து பிடித்துக்கொள்வார். எண்பது வயது. வெள்ளை கான்வாஸ் ஷூ. மார்கழி பிறந்துவிட்டால் மங்கி குல்லா. "இந்த லஸ் கார்னர் அந்த நாளில் எப்படி இருந்தது தெரியுமோ?" என்பார். தெரியும் என்றாலும் விடமாட்டார். நேற்றுதான் அவரே சொன்னார் என்பது நமக்கு ஞாபகம் இருக்கும், அவருக்கு இருக்காது.

பழைய சமாச்சாரத்தில் மட்டும் மாமாவை யாரும் அசைக்க முடியாது. காமதேனு தியேட்டரில் டிக்கெட் கிழித்தவரின் மீசை, முதல் சம்பளத்தில் பாண்டி பஜாரில் வாங்கிய டெரிலின் சட்டையின் கோடு, அதற்குப் பேரம் பேசிக் குறைத்த எட்டணா, மாமனார் வீட்டு டெலிபோன் நம்பர் என்று எல்லாம் வரிசையாக வரும். உற்றுக் கேட்டால் முக்கால்வாசி 1960க்கும் 1970க்கும் நடுவில் நடந்தவை. வயதானவர்களைத் தங்கள் கதையைச் சொல்லச் சொன்னால், பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்ததுதான் அதிகம் வரும் என்று உளவியல்காரர்கள் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். முதல் வேலை, முதல் சம்பளம், பெண் பார்க்கப் போனது எல்லாம் அந்த வயதில்தானே? அதற்கப்புறம் முப்பத்தைந்து வருஷம் அதே ஆபீஸ், அதே 12பி பஸ், டிபன் பாக்ஸில் அதே தயிர் சாதம். எந்தத் தயிர் சாதத்தை என்று மூளை தனியாக எடுத்து வைக்கும்?

சென்னையில் டிராம் நின்றது 1953 ஏப்ரலில். கடைசி டிராமில் அப்பா மடியில் உட்கார்ந்து வந்ததாக மாமா சொல்லுவார். இதே பூங்காவில் இதையே சொல்லும் மாமாக்கள் இன்னும் நாலைந்து பேர் உண்டு. எல்லாருக்கும் இடம் கிடைத்திருக்க வேண்டுமானால் அந்த டிராம் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் நீளத்துக்கு இருந்திருக்க வேண்டும்.

பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. மாமா சத்தியமாக நம்புகிறார். 1986ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, அமெரிக்காவில் உல்ரிக் நைசர் என்ற பேராசிரியர், சேதி கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை வருஷம் கழித்து அதே கேள்வியைக் கேட்டால், பலர் எழுதியது வேறு கதை. அதையும் துளி சந்தேகம் இல்லாமல் எழுதினார்கள். அவர்களுடைய பழைய காகிதத்தைக் காட்டியும் பழைய ஞாபகம் திரும்பவில்லை. நினைவு என்பது எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி வைக்கிற சாமான் இல்லை. முந்தாநாள் குழம்பைச் சுடவைக்கிற மாதிரி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் தண்ணீர் சேரும். எழுபது வருஷமாகச் சுடவைத்த டிராமில் அப்பாவின் மடி எந்த வருஷம் சேர்ந்தது என்று யார் கண்டது?

சரி, மாமா வீடெல்லாம் தேடும் மூக்குக் கண்ணாடிக்கு வருவோம். "ஏன்னா, நெத்தியில இருக்கு" என்று மாமி சமையலறையிலிருந்தே சொல்லுவாள். வந்து பார்ப்பதுகூட இல்லை. மறதி என்று இதற்குப் பேர் வைப்பது அநியாயம். மறப்பதற்கு முதலில் ஒன்று பதிந்திருக்க வேண்டும். கண்ணாடியை மேலே தள்ளிய நேரத்தில் மாமா பேப்பரில் இரங்கல் விளம்பரம் பார்த்துக்கொண்டு, போனவர் தனக்கு ஜூனியரா சீனியரா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கவனம் அங்கே, கைதான் இங்கே.

டிசம்பர் சீசனில் நடந்தது இன்னொன்று. அகாடமியில் கச்சேரி, பாடகர் ஆலாபனை ஆரம்பித்துவிட்டார். பக்கத்து சீட்காரர் "தர்பார்" என்றார். மாமாவுக்கு அது தர்பார் இல்லை என்று நிச்சயமாகத் தெரியும். தர்பாருக்குப் பங்காளி, மூன்றெழுத்து, ‘ந’ வரிசை. பேர் மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. ஹார்வர்டில் 1966ல் இரண்டு பேர் இதையே ஆராய்ந்தார்கள்: சொல் வராதபோதும் அதன் முதல் எழுத்தும், எத்தனை அசை என்பதும் பல சமயம் சரியாகத் தெரிந்துவிடுகிறதாம். போதாக்குறைக்குப் பக்கத்து சீட்காரர் கிளப்பிவிட்ட தர்பார் வேறு வழியை மறித்துக்கொண்டு நின்றது. இந்த மாதிரி சமயத்தில் விட்டுவிட்டால் தானாக வரும். வந்தது, ராத்திரி இரண்டு மணிக்கு. "நாயகி!" என்று மாமா எழுந்து உட்கார்ந்து கத்தினார். மாமி விளக்கைப் போட்டு, "யாரு அவ?" என்று கேட்டாள். சமாதானம் ஏற்பட விடிந்துவிட்டது.

இப்போது மாமாவின் மானத்தை வாங்குவது ஓடிபி. கரண்ட் பில் கட்ட வேண்டும். போன் மாமி கையில், கம்ப்யூட்டர் முன்னால் மாமா. மாமி ஆறு எண்களையும் படித்து முடிப்பதற்குள், "ஏழு நாலா? அது நம்ம பழைய வீட்டு டோர் நம்பராச்சே!" என்று மாமா அந்த வீட்டு முற்றத்துக்கே போய்விடுவார். அப்போதைக்கு மனசில் நிறுத்தக்கூடியது ஏழு, ஒன்றிரண்டு கூடக் குறைய என்று ஜார்ஜ் மில்லர் 1956லேயே எழுதிவிட்டார். அதையும் உள்ளுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லாவிட்டால் அரை நிமிஷம் தாங்காது. நடுவில் முற்றம் வந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் மாமா லேசுப்பட்டவர் இல்லை, தன் கட்சிக்கு ஆள் வைத்திருக்கிறார். சென்னையில் பிறந்த ராஜன் மகாதேவன் 1981ல் ‘பை’யின் 31,811 இலக்கங்களைப் பார்க்காமல் சொல்லி கின்னஸில் ஏறினார். பிற்பாடு அமெரிக்காவில் அவரைச் சோதித்தார்கள். எண்களில் அவரை நெருங்க ஆளில்லை. எந்தப் படம் எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டால் மட்டும் மற்றவர்கள் மாதிரியேதான். ஞாபகசக்தி என்பது ஒரே சக்தி இல்லை, ஒன்றில் புலியாக இருப்பவர் இன்னொன்றில் சாதாரணமாக இருக்கலாம் என்பதற்கு நல்ல சாட்சி.

மாமாவுக்கு இது போதாதா? பீரோ சாவி காணாமல் போன அன்று மாமியைக் கூப்பிட்டு உட்காரவைத்து முழுவதையும் விளக்கினார். "கேட்டுக்கோ. அப்பேர்ப்பட்ட மேதைக்கே வெச்ச எடம் சாதாரணமாத்தான் ஞாபகம் இருந்திருக்கு. நான் எம்மாத்திரம்?"

மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவர் முப்பத்தோராயிரம் சொல்லிட்டுத் தொலைச்சார். நீங்க அந்த ஓடிபி ஆறைச் சொல்லிட்டுத் தொலையுங்கோளேன்."