பரிமாற்ற மாணவரைக் கெடுத்தது – ஆட்சேபம் தெரிவித்தல் – தொடர்பாக

அனுப்புநர்: குடியிருப்போர், சடையங்குப்பம், மணலி மண்டலம், சென்னை.

பெறுநர்: ஜப்பானிய நகராட்சி அலுவலகங்களில் வெளிநாட்டாரின் குடியிருப்புப் பதிவைக் கவனிக்கும் அலுவலர்கள்.

பார்வை: 1. குடியேறிய 14 நாட்களுக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்னும் தங்கள் விதி. 2. பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரிநீர் திறப்பு குறித்து மழைக்காலங்களில் வெளியாகும் செய்திக்குறிப்பு.

ஐயா / அம்மையீர்,

சென்னை மாநகரின் வடகோடியில், மணலித் தொழிற்சாலைகளுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் நடுவே, கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் அருகருகே ஓட, அவற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் அமைந்த சடையங்குப்பம், 2011 அக்டோபர் வரை தனி ஊராட்சியாக இருந்து பின்னர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊராகும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியமர்ந்த பர்மா நகரும் இருளர் குடியிருப்பும் இப்பகுதியைச் சேர்ந்தவை என்பதால், கடல் கடந்து போனவர் திரும்பி வருவது இங்கே புதிய செய்தியன்று; திரும்பி வந்தவர் அலுவலகங்களில் கேள்வி கேட்பதுதான் புதிது. அதற்குத் தாங்களே காரணம் என்பதை நிறுவுவதே இக்கடிதத்தின் நோக்கம்.

பரிமாற்ற மாணவர் எனப்படுபவர், உடன்படிக்கை செய்துகொண்ட இரு கல்வி நிறுவனங்களுக்கிடையே, கட்டணத்தைப் பெரும்பாலும் சொந்தக் கல்லூரியிலேயே செலுத்திவிட்டு, ஒரு பருவமோ ஓராண்டோ மற்ற நாட்டில் பயின்று மீள்பவர் ஆவார். இக்கடிதத்தில் மாணவர் என்னும் சொல் குறிப்பிட்ட ஒருவரைக் குறிக்காது. சடையங்குப்பம் போன்றதோர் ஊரிலிருந்து அவ்வாறு சென்று வரக்கூடியவரின் பொது உருவத்தையே குறிக்கும்.

அந்த மாணவர் ஜப்பானில் வந்திறங்கும்போது, மூன்று மாதத்துக்கு மேல் தங்குவோர்க்கென 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ‘ஸாய்ர்யூ’ அட்டை, அதாவது வசிப்பிட அட்டை, பெரிய விமான நிலையங்களில் அப்போதே வழங்கப்படுகிறது. 14 நாட்களுக்குள் அவர் தங்கள் கவுன்டருக்கு வந்து அட்டையின் பின்புறத்தில் முகவரியை எழுதிப் பெறவும், தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேரவும் கடமைப்பட்டவர். இதில் முதற்கண் எழும் சிக்கல் பெயரைப் பற்றியது. தகப்பன் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுருக்கி வைத்துக்கொள்ளும் தமிழ் வழக்கம் தங்கள் படிவங்களில் அடங்காமையால், கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடத்தில் ஏறியிருக்கும் தகப்பன் பெயரே மாணவரின் பெயராகிவிடுகிறது. மணலியைத் தாண்டி அறியாத ஒரு தகப்பனார் ஜப்பானிய மருத்துவமனைகளில் ‘சான்’ என்னும் மரியாதை விகுதியோடு நாள்தோறும் அழைக்கப்படுவதும், அவருக்குப் பதிலாக மகன் எழுந்து செல்வதும் இதன் விளைவே. இது குறித்து ஆட்சேபம் ஏதுமில்லை. உள்ளூர் அரசு மருத்துவமனையில் தகப்பனாருக்கு இதுவரை கிட்டாத மரியாதை அது என்பது மட்டும் பதிவு செய்யப்படுகிறது.

ஆட்சேபம் தொடங்குவது குப்பையில். எரிவது, எரியாதது, மறுசுழற்சிக்குரியது எனக் குப்பையைப் பிரித்து, உரிய பையில் கட்டி, உரிய கிழமையில் காலை எட்டு மணிக்குள் வைக்க வேண்டும் என்பதும், தவறாகப் பிரித்த பை எச்சரிக்கைச் சீட்டு ஒட்டப்பட்டு அங்கேயே விடப்படும் என்பதும், தொக்குஷிமா மாநிலத்துக் கமிக்காட்சு என்னும் சிற்றூரில் இப்பிரிவுகள் நாற்பதுக்கும் மேலாகப் பெருகியுள்ளன என்பதும் மாணவருக்குக் கற்பிக்கப்படுகின்றன. குப்பையை எங்கே வைப்பது என்று தெரியாத ஊரிலிருந்து வந்தவர் அல்லர் அவர். நகரத்தின் குப்பை பல காலம் கொட்டப்பட்டு, பின்பு பயோமைனிங் முறையில், அதாவது பழங்குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் முறையில், அகற்ற எடுத்துக்கொள்ளப்பட்ட கிடங்கு ஒன்றைச் சடையங்குப்பமே கொண்டிருந்தது. முதலில் கொட்டிவிட்டுப் பின்பு பிரிப்பது என்னும் வரிசையைத் தாங்கள் தலைகீழாக்கிக் கற்பித்ததால், வடை சுட்ட எண்ணெயைக்கூட வடிகாலில் ஊற்ற அவருக்குக் கை கூசுகிறது. ஜப்பானிய வீடுகளில் மிஞ்சிய எண்ணெயில் ஒரு தூளைக் கலந்து, கெட்டியான பின் எரியும் குப்பையில் சேர்ப்பது வழக்கம். அவ்வாறு பழகியவர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகம் வரை பரவி, வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடிட்டதையும், படகுகளில் அமர்ந்த மீனவர்கள் அதை வாளியாலும் மக்காலும் மொண்டு எடுத்ததையும் கண்டு, இத்தனைக்கும் எத்தனை பொட்டலத் தூள் வேண்டும் என்று கணக்கிடத் தொடங்கினால், அந்தப் பித்துக்கு மருத்துவச் செலவை ஏற்பவர் யார் என்பதைத் தாங்கள் தெளிவுபடுத்த வேண்டும்.

இவற்றினும் பெரிய கேடு, முகவரிப் பதிவு முடிந்த கையோடு பல நகராட்சிகளில் வழங்கப்படும் வரைபடத்தால் விளைகிறது. ‘ஹஸார்டு மேப்’ எனப்படும் அந்த அபாய வரைபடம், ஆறு பெருகினால் எந்தத் தெருவில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்பதை, அரை மீட்டருக்குக் குறைவு, அரை முதல் மூன்று மீட்டர், மூன்று முதல் ஐந்து மீட்டர் என நிறம் பிரித்துக் காட்டி, எந்தப் பள்ளிக்கு ஓட வேண்டும் என்பதையும் குறித்துத் தருகிறது. இது போதாதென்று, 2020 ஆகஸ்ட் முதல், வாடகை ஒப்பந்தம் எழுதுமுன் அந்த வீடு வரைபடத்தில் எங்கே விழுகிறது என்பதை வீட்டுத் தரகரே விளக்கியாக வேண்டும் என்ற விதியையும் தங்கள் அரசு கொண்டுவந்துவிட்டது. ‘ரெய்க்கின்’ என்னும் பெயரில், வீடு கொடுத்தமைக்கு நன்றியாக, திருப்பித் தரப்படாத ஒரு தொகையை வாங்கிக்கொள்ளும் வீட்டுக்காரர்களின் நாட்டில், வெள்ளம் வரும் என்பதை மட்டும் இனாமாகச் சொல்வது ஏன் என்பது ஆராயத்தக்கது.

சடையங்குப்பத்துக்கு எச்சரிக்கையே இல்லை என்று தாங்கள் கருதிவிடக் கூடாது. 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பி உபரிநீர் திறக்கப்படும்போதெல்லாம் செய்திக்குறிப்பு முறையாக வெளியாகிறது. நம்பாக்கம், கிருஷ்ணாபுரம் எனத் தொடங்கி ஆற்றின் போக்கிலேயே ஊர்களை அடுக்கிச் செல்லும் அப்பட்டியலில் மணலி, மணலி புதுநகர், சடையங்குப்பம், எண்ணூர் ஆகியவை கடைசியில் வரும். கரையோரத் தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுவர். திறக்கப்படும் நீரின் அளவு கன அடியில், அதாவது நொடிக்கு இத்தனை கன அடி என்ற கணக்கில், துல்லியமாகவே தரப்படும். ஆயிரம் கன அடி என்றால் முழங்கால் மட்டமா, பத்தாயிரம் என்றால் இடுப்பு மட்டமா, கட்டிலின் மேல் கிரைண்டரை ஏற்றினால் போதுமா, கிரைண்டரோடு ஆட்களும் மாடிவீட்டுக்காரரிடம் ஏறிக்கொள்ள வேண்டுமா என்பதைப் பழகிய பெரியவர்கள் சுவர்க் கறையைப் பார்த்துச் சொல்லிவிடுவர். 2015இலும் 2023இலும் ஊர் அப்படித்தான் சமாளித்தது. இத்தகைய அறிவுமரபில் வளர்ந்த மாணவர், ஓராண்டு தங்களிடம் இருந்து மீண்டதும், அணையில் எவ்வளவு திறக்கிறீர்கள் என்பதை விட்டு, எங்கள் வீட்டில் எவ்வளவு நிற்கும் என்று கேட்கிறார். கேள்வி எளியது, அதற்குரிய கவுன்டர் எது என்பதே இங்கே முடிவாகவில்லை. சைத்தாமா மாநிலத்துக் கசுகாபே நகரில் 2006இல் முழுமையடைந்த, 6.3 கிலோமீட்டர் நீளமுள்ள நிலத்தடி வெள்ளச் சுரங்கத்தையும் அவருக்குச் சுற்றிக் காட்டியிருந்தால், பக்கிங்காம் கால்வாயை அவர் இனி எந்தக் கண்ணால் பார்ப்பார் என்பதையும் தாங்களே சொல்ல வேண்டும்.

பேரிடர் ஒலிபெருக்கிகள் வேலை செய்கின்றனவா என்று சோதிக்க, பல ஜப்பானிய ஊர்களில் மாலை ஐந்து மணியளவில் நாள்தோறும் ஒரு குழந்தைப் பாட்டின் இசை ஒலிக்கிறது. தமிழ்நாட்டில் தண்டோரா போடும் வழக்கத்துக்கு 2022 ஆகஸ்டில் தடை விதிக்கப்பட்டு, வாகன ஒலிபெருக்கி அதனிடத்தில் வைக்கப்பட்டது; பறையடிப்பவரை இழிவுபடுத்திய வழக்கம் ஒழிந்தது நன்றே. எனினும் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது மக்களை எழுப்பியது அவரவர் மூக்குதான். நாள்தோறும் சோதிக்கத் தேவையற்ற, பழுதாகாத, செலவில்லாத இக்கருவியைத் தங்கள் நாடு ஏன் பின்பற்றக் கூடாது என்று பரிந்துரைக்கப்படுகிறது.

ஜப்பானில் மாணவருக்கு அறிமுகமே தேவைப்படாத ஊர் ஒன்றும் உண்டு என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். குமமோத்தோ மாநிலத்து மினமாத்தாவில் ஒரு வேதி ஆலை விரிகுடாவில் விட்ட பாதரசக் கழிவு மீன் வழியே மனிதரின் நரம்புகளைச் சிதைத்த நோய் 1956 மே மாதம் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. ஆலைக் கழிவே காரணம் என்று அரசு ஏற்றது 1968 செப்டம்பரில். எண்ணெய்த் தூளும் நிற வரைபடமும் தந்த அதே நாட்டில் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் கோப்புகள் எவ்வாறு நகர்ந்திருக்கும் என்பதை, சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தில் மீன்பாடு குறைந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர், ஒரு பாடமும் எடுக்காமலே சொல்லிவிடுவார். எனவே தங்கள் அலுவலகம் பிறவியிலேயே இவ்வாறு இருந்ததன்று. இடையில் யாரோ விடாமல் கேட்டதால் கெட்டுப்போனது என்றே கருத இடமுண்டு. அந்தத் தொற்று மாணவர் வழியே இங்கு பரவுகிறது என்பதுதான் அச்சம்.

ஆகவே, இனிவரும் தமிழ் மாணவர்களுக்கு வரைபடம் வழங்குவதை நிறுத்துமாறு கோரப்படுகிறது. அது இயலாதெனில், வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கு மட்டும் சடையங்குப்பத்து மக்கள் அனைவரையும் பரிமாற்ற மாணவர்களாகத் தங்கள் பதிவேட்டில் ஏற்றுக்கொண்டு, அவர்தம் வீடுகளுக்கு உரிய நிறத்தைத் தெரிவிக்க வேண்டும். பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை சரியாக மூன்று மாதமே என்பதாலும், அட்டை மூன்று மாதத்துக்கு மேல் தங்குவோர்க்கே உரியது என்பதாலும், காலத்தைப் பொங்கல் வரை நீட்டித்துக்கொள்வதில் குடியிருப்போருக்கு மறுப்பில்லை.

இப்படிக்கு,
சடையங்குப்பம் குடியிருப்போர்

நகல்: பெருநகர சென்னை மாநகராட்சி, மணலி மண்டல அலுவலகம் (தகவலுக்கு மட்டும்).