கணக்கு தவறாத கணவாய்

வானிலை ஆய்வு மையத்துக்கு ஒரு யோசனை. செயற்கைக்கோள், ராடார், சூப்பர் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிட்டு, தொப்பூர்க் கணவாய் ஓரத்தில் டீ ஆற்றும் யாராவது ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கட்டமேட்டிலிருந்து இறங்கும் லாரியின் சத்தத்தைக் கேட்டே, “நியூட்ரல்ல விட்டுட்டான்” என்று சொல்லிவிடுவார். எங்கே போய் முட்டும் என்றும் சொல்வார். இரட்டைப்பாலம். புயல் கரையைக் கடக்கும் இடத்தைச் சொல்வதில் உங்களுக்குப் பல கிலோமீட்டர் பிசகும். இவருக்குப் பிசகினால் சில மீட்டர்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போகிற வண்டிக்குத் தொப்பூரில் கிலோமீட்டர் கணக்கில் இறக்கம், இறக்கத்துக்குள்ளேயே வளைவுகள். கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் கொஞ்சம் டீசல் மிச்சம் என்று ஒரு நம்பிக்கை. வட மாநிலத்திலிருந்து தூக்கம் கெட்டு வருகிறவனுக்கு, டீசல் கணக்கைக் காட்டித்தான் முதலாளியிடம் மரியாதை. அதனால் விடுகிறான். மொத்தப் பாரமும் பிரேக் டிரம் மேல் விழுகிறது. மிதிக்க மிதிக்கச் சூடு, லைனிங் கருகும் நாற்றம், காற்றழுத்தம் இறங்குகிறது, கடைசி மிதிக்குப் பெடல் மட்டும் கீழே போகிறது, வண்டி நிற்பதில்லை. இந்த விபத்தில் இயற்கையின் பங்கு புவியீர்ப்பு மட்டும்தான். புவியீர்ப்பின் மேல் எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்பதால் டிரைவர் மேல் போடுகிறார்கள். டிரைவர் செத்திருந்தால் இன்னும் சௌகரியம்.

2020 டிசம்பர் 12. ஏற்கெனவே நடந்த ஒரு விபத்தால் வரிசைகட்டி நின்ற வண்டிகளுக்குள் சிமென்ட் லாரி ஒன்று புகுந்தது. கார்கள் தகரத் தட்டுகளாயின. 2024 ஜனவரி 24. இரட்டைப்பாலத்தில் ஒரு லாரி முன்னால் போன லாரியை முட்ட, ஒன்று பாலத்திலிருந்து கீழே விழ, நடுவில் சிக்கிய கார் எரிந்தது. நான்கு பேர் போனார்கள். கண்காணிப்புக் கேமரா தன் கடமையைச் சுத்தமாகச் செய்திருந்தது. நாடே கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தது. பெயர் வைத்தவர் தீர்க்கதரிசி: கண்காணிப்பு. கண்ணால் காண்பதோடு சரி.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பலகை வைத்தார்கள். ஒன்றா இரண்டா? ‘விபத்துப் பகுதி’, ‘மெதுவாகச் செல்லவும்’, வேகம் 30. ஆபத்துக்கு விலாசம் எழுதிக் கம்பத்தில் மாட்டியாகிவிட்டது; தபால்காரர் தவறவே மாட்டார். ஒலிபெருக்கி கட்டினார்கள். துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அதிகாரிகள் வந்து, வெள்ளைச் சட்டை கசங்காமல், கையை நீட்டி வளைவைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். நெடுஞ்சாலையின் எண்ணைக்கூட மாற்றினார்கள்: 7 என்று இருந்தது 44 ஆனது. வளைவு மட்டும் பழைய எண்ணிலேயே இருந்துகொண்டது.

பழைய தகடூரான இந்தத் தருமபுரி மண்ணில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும்போது ஔவையார் நினைவு வராமல் இருக்காது. தகடூரை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவள், அவன் ஆயுதசாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பாராட்டினாளே, புறநானூற்றில் இருக்கிறது: உன் வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் பளபளக்கின்றன; எங்கள் ஆளுடையவை குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. தொண்டைமான் அதைப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆள்கிறவர்களுக்கு அந்தப் பாக்கியம் உண்டு. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆட்சியர் தலைமையில் ஓர் ஆணையம் இருக்க வேண்டும், ஒரு திட்ட ஆவணம் இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இருக்கிறது. வழவழப்பான அட்டை, வண்ண வரைபடம், பொறுப்பு அதிகாரிகளின் தொலைபேசி எண்கள். நுனி முறியவில்லை. ஔவை இன்று வந்தால் பாராட்டாமல் போகமாட்டாள்.

அவளுக்கு அதியமான் கொடுத்த நெல்லிக்கனி இன்னொன்று. ஆயுளை நீட்டும் கனி. தான் தின்னாமல், உயிரோடு இருந்தவள் கையில், அவள் உயிரோடு இருக்கும்போதே கொடுத்தான். வரிசை முறை பிறகு மாறிவிட்டது. இப்போது முதலில் ஆயுள் முடிய வேண்டும், அப்புறம் கனி. பிரதமரின் நிவாரண நிதியிலிருந்து செத்தவருக்கு 2 லட்சம், காயப்பட்டவருக்கு 50,000. மாநில அரசின் தொகை தனி. இரங்கல் செய்தியின் வாசகம் எப்போதும் தயார். ஊர்ப் பெயரை மட்டும் நிரப்ப வேண்டியிருக்கும். தருமபுரி என்று பெயர் இருப்பதால், தர்மம் போடுவதுதான் ஆட்சி என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

சாலையை விடுங்கள், மருந்துக்கு வருவோம். பட்டாசு மருந்தைச் சொல்கிறேன். 2023 மார்ச்சில் பென்னாகரம் பக்கம் நாகதாசம்பட்டியில் பட்டாசுக் கிடங்கு வெடித்து இரண்டு பெண்கள் செத்தார்கள். ஜூலை 29-ஆம் தேதி பக்கத்து கிருஷ்ணகிரியில், பழையபேட்டையில், கடைகளும் வீடுகளும் நெருங்கிய தெருவில் பட்டாசுக் குடோன் வெடித்து ஒன்பது பேர். சரியாகப் பத்து வாரம் கழித்து, அக்டோபர் 7, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில். செத்தவர்களில் பலர் அரூர் பக்கம் டி.அம்மாப்பேட்டைப் பையன்கள். தீபாவளி சீசனில் நாலு காசு பார்க்கலாம் என்று போனவர்கள், அதில் படித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. கிருஷ்ணகிரி வெடித்ததும் சனிக்கிழமை, அத்திப்பள்ளி வெடித்ததும் சனிக்கிழமை. பழியைச் சனி பகவான் மேல் போட்டுவிடலாம் என்று பார்த்தால், 2025 பிப்ரவரியில் கம்பைநல்லூர் பக்கம் சின்னமுறுக்கம்பட்டியில் மூன்று பெண்கள் கருகியது திங்கட்கிழமையாகப் போயிற்று. கிரகங்களும் ஒத்துழைக்க மறுக்கின்றன.

வெடிமருந்தை எங்கே, எவ்வளவு, யார் வைத்திருக்கிறார்கள் என்பது ரகசியமல்ல. உரிமம் கொடுத்த கையெழுத்தில் முகவரி இருக்கிறது. உரிமம் இல்லாதது ஊருக்கே தெரியும். முன்கூட்டிச் சொல்ல விஞ்ஞானம் தேவைப்படாத பேரிடர் இது. ஆனாலும் விஞ்ஞானம் சும்மா இருக்கவில்லை. அத்திப்பள்ளி எரிந்து பதின்மூன்றாம் நாள், அக்டோபர் 20 அன்று, தமிழ்நாட்டில் கைப்பேசிகள் திடீரென அலறின. பேரிடர் எச்சரிக்கைச் சோதனை. இது சோதனைச் செய்தி, பொருட்படுத்த வேண்டாம் என்று திரையில் வந்தது. டி.அம்மாப்பேட்டையில் அன்றைக்கும் யாரோ ஒரு தாய் மகனின் எண்ணிலிருந்து அழைப்பு என்று நினைத்துக் கைப்பேசியை எடுத்திருப்பாள். பொருட்படுத்த வேண்டாம்.

இவர்களுக்குத் திறமை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒகேனக்கல்லுக்குப் போய்ப் பாருங்கள். 2024 ஜூலை கடைசியில் காவிரியில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் வந்தது. பிலிகுண்டுலுவில் நீரை அளந்துகொண்டே இருந்தார்கள். மேலே அணை திறந்தால் கீழே எத்தனை மணிக்கு எவ்வளவு வரும் என்று தெரிந்தது. பரிசல் கரையேறிற்று, அருவிக் குளியல் நின்றது, கரையோரத்துக்கு எச்சரிக்கை போனது. அத்தனை துல்லியம்! காரணம் எளிது. பிலிகுண்டுலு அளவின் மேல் இத்தனை அக்கறை வெள்ளத்துக்காக அல்ல, வழக்குக்காக. கர்நாடகம் தர வேண்டிய 177.25 டி.எம்.சி. வந்ததா வரவில்லையா என்று பக்கத்து மாநிலத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அதனால் சொட்டுச் சொட்டாக எண்ணுகிறோம். தொப்பூர்ப் பிணங்களுக்கும் ஏதாவது ஒரு நடுவர் மன்றம் அமைந்து, கர்நாடகம் இத்தனை லாரி அனுப்பிவிட்டது என்று வாதாட இடமிருந்தால், என்றைக்கோ வளைவை நிமிர்த்தியிருப்பார்கள்.

நிமிர்த்தத்தான் போகிறார்களாம். 6.6 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை, 700 கோடி ரூபாய்க்கு மேல். வரவேற்கிறேன், கிண்டல் இல்லை. ஆனால் இதைக் கேட்டு எத்தனை வருஷம், எத்தனை தேர்தல், எத்தனை மனு! தொகுதிக்கு நின்றவர்களில் தொப்பூரைத் தொடாமல் பேசியவர் குறைவு. மேம்பாலம் வரும், இறக்கம் மிதமாகும், நம்புவோம். அதுவரை பழைய இறக்கத்தில் இறங்குகிறவர்கள் திட்ட மதிப்பீட்டில் எந்தத் தலைப்பில் வருகிறார்கள்? எதிர்பாராச் செலவினமா?

கடைசியாக ஒன்று. ஓடுகிற லாரியை நிறுத்துவது கடினம் என்று சொல்வார்கள். நாற்பது டன், வேகம், இத்யாதி. பொய். கணவாய்க்கு முன்னாலேயே, பாளையத்தில், ஒவ்வொரு லாரியும் ஒழுங்காக நிற்கிறது. இரவு இரண்டு மணிக்கும் நிற்கிறது. சுங்கச்சாவடி. குறுக்குக் கட்டை இறங்கியிருக்கும், மேலே உள்ள கருவி கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கைப் பார்க்கும். கணக்கில் பணம் மிச்சம் இருக்கிறதா என்று ஒரு நொடியில் சொல்லிவிடும். பிரேக் லைனிங்கில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்பதைப் படிக்க அதற்குக் கண் வைக்கவில்லை. பணம் இல்லையா, வண்டி அங்கேயே நிற்க வேண்டும். பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் கட்டை அசையாது. பணம் இருக்கிறதா, பச்சை விளக்கு, ஒரு ‘பீப்’. கட்டை மேலே போகிறது. டிரைவர் கியரைத் தள்ளி நியூட்ரலில் விடுகிறான்.