அஞ்சு ஸ்டார் போடுங்கண்ணா

அஞ்செட்டித் தம்பி ஒருவர் இணையதளம் வைத்திருப்பவர்களுக்காக ஒரு சேவை தொடங்கியிருக்கிறார். உங்கள் தளம் படுத்துவிட்டால் உடனே போனுக்குத் தகவல் வரும். தேன்கனிக்கோட்டை தாண்டிக் காட்டுச் சாலையில் இறங்கினால் போனே படுத்துவிடும் என்பது வேறு கதை.

இப்போது அவர் ஃபீட்பேக் வேட்டையில் இருக்கிறார். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊருக்குப் படிவம் என்னவோ ஆங்கிலத்தில். டீக்கடைக்காரரையும் விடவில்லை.

"உங்க வெப்சைட் விழுந்தா இது சொல்லும்ணா."

"நமக்கு வெப்சைட்டே இல்லையேப்பா."

"பரவால்லண்ணா, அஞ்சு ஸ்டார் போடுங்க."

சித்தப்பா சுட்டியைத் திறக்காமலே 'சூப்பர்' என்று எழுதிவிட்டார். பந்தியில் உப்பு குறைந்தாலும் 'பிரமாதம்' என்று சொல்லிக் கை கழுவுகிற பரம்பரை நாம், வேறென்ன எழுதுவோம்?

கருத்துக் கேட்பது ஒன்றும் கேவலமில்லை. 2004 ஏப்ரலில் வந்த ஜிமெயில், 'பீட்டா', அதாவது சோதனைப் பதிப்பு, என்ற ஒட்டை 2009 ஜூலையில்தான் கழற்றியது. ஐந்து வருடம் உலகமே அதற்குச் சோதனை எலி.

தம்பிக்கும் உருப்படியாக ஒரு கருத்து வந்தது, ஓசூர் உதிரிபாகக் கம்பெனிக்காரர் ஒருவரிடமிருந்து: "நடுராத்திரி எழுப்பிவிட்டீர்கள். எங்கள் தளம் நன்றாகத்தான் ஓடுகிறது. கோளாறு உங்கள் சர்வரின் இணைப்பில்தான். ஒரே இடத்திலிருந்து பார்த்துவிட்டு அலறாதீர்கள். இன்னொரு ஊர் சர்வரிலிருந்தும் சோதித்துவிட்டு அனுப்புங்கள்."

அவருக்கு இன்னும் பதில் போகவில்லை. சித்தப்பாவின் 'சூப்பர்' மட்டும், 'வாடிக்கையாளர் கருத்து' என்ற தலைப்பில், முகப்பில் ஏறிவிட்டது.