எலிவேஷன் நகர்

வேதாசலம் என்ற தம் பெயரையே 1916இல் தமிழாக்கிக்கொண்டவர் மறைமலை அடிகள். அவர் பெயர் தாங்கிய எங்கள் ஊரில், வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டேன். வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“எலிவேஷன் டல்லா இருக்கு சார். புட்டி, பிரைமர், ரெண்டு கோட் எக்ஸ்டீரியர் எமல்ஷன்.”

“சுண்ணாம்பு?”

“அது ரோட்டோர மரத்துக்கு சார்.”

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் சுமார் 1,300 ஆண்டுகளாக உப்புக்காற்றில் நிற்கிறது. தொல்லியல் துறை அதற்குக் காகிதக்கூழை அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கிறது, எமல்ஷன் அடிப்பதில்லை. என் சுவருக்கோ 7 வருட வாரண்டியாம். மொட்டைமாடித் தண்ணீர் சுவரில் இறங்குவதை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கொட்டேஷனில் ஆங்கிலம் கலக்காத வரி ஒன்றே ஒன்று: ‘திருஷ்டிப் பூசணிக்காய் தனி.’ அதிலும் திருஷ்டி வடசொல். கண்ணேறு என்றேன், அது எந்தக் கம்பெனி பெயின்ட் என்று கேட்டார்.