மொட்டை மாடியில் பதினான்கு கட்டபொம்மன்கள்

எங்கள் குடியிருப்புப் பொங்கல் விழாவில் கட்டபொம்மன் நாடகம் போடுவதென்று முடிவானது. மொட்டை மாடியில் நடிகர் தேர்வு. வந்தவர்கள் பதினைந்து பேர். அதில் பதினான்கு பேர் கட்டபொம்மன்கள். பதினைந்தாமவர் வற்றல் எடுக்க வந்தவர்.

1798-இல் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்த பாளையக்காரர் எந்தக் குரலில் பேசினாரோ! 1959-இல் படம் வந்ததிலிருந்து அந்தச் சந்தேகம் யாருக்கும் இல்லை. சிவாஜி குரல்தான். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வந்து ஆளாளுக்குக் கர்ஜித்தார்கள்.

வரி கட்ட மறுக்கும் காட்சியில் மூன்றாம் மாடிக்காரர் அசத்திவிட்டார். ஆறு மாதமாகப் பராமரிப்புக் கட்டணம் கட்டாதவருக்கு நடிப்பா தேவை? பாக்கி கேட்டே பழகிய செயலாளர், ஒத்திகையே இல்லாமல் ஜாக்சன் ஆனார். எட்டப்பனுக்கு மட்டும் ஆள் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொடுப்பவர்கள் எல்லாரும் அன்று பார்த்து அடக்கத்தோடு தலைகுனிந்திருந்தார்கள்.

என் முறை வந்தது. மூச்சை இழுத்து முதல் வரியைத் தொடங்கினேன். கீழ்வீட்டு நாய் ஊளையிட்டது.

"சார், கயத்தாறு காட்சிக்கு ஒரு புளியமரம் வேணும். வசனம் கிடையாது. அசையாம நின்னா போதும்" என்றார் இயக்குநர்.

சம்மதித்துவிட்டேன். பதினான்கு பேரில் எவர் கட்டபொம்மன் ஆனாலும், கடைசியில் என்னிடம்தானே வந்து தொங்க வேண்டும்!